உத்தரவுப்படி நின்ற கொலு

புரட்டாசியில் வைத்த கொலுவை நாங்கள் மார்கழியில்தான் எடுத்தோம். சோம்பேறித்தனம் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். சோம்பேறித்தனம் இல்லை, தேசப் பாதுகாப்பு.

நாங்கள் கொலு வைக்கிற குடும்பமே இல்லை. அப்பா இசக்கிமுத்து தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் நவராத்திரி என்றால் கோயிலோடு சரி. மயிலாப்பூரில் ஒரு கூடமும் ஒரு சமையலறையும் உள்ள போர்ஷனுக்குக் குடிவந்த பிறகு, வருஷா வருஷம் வீட்டுக்கு வீடு போய்ச் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, திருப்பி யாரையும் கூப்பிடாமல் இருப்பது என் அம்மா புஷ்பத்துக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எழுபத்தொன்றாம் வருஷம் கூச்சம் முற்றி ஐந்து படி கட்டிவிட்டாள்.

இன்னொரு காரணம் நான். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பி.எஸ்ஸி. பௌதிகம். அதை வாங்கி இரண்டு வருஷம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு, தேனாம்பேட்டையில் ஒரு நில அளவை அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேரும்படி உத்தரவு வந்திருந்தது. போலீஸ் விசாரித்து, இவள் நல்லவள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. வருஷக் கடைசிக்குள் அது வராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"அம்பாளுக்கு ஒரு நன்றி சொல்லிருவோம்ட்டி. வேல கெடைச்ச பொறவு வைக்கதுக்கு யாரு இருக்கா, நீ ஆபீஸ் போயிருவ" என்றாள் அம்மா.

படிகளில் பொம்மைகளை அம்மா அடுக்கினாள். கீழே தரையில் ஏதாவது காட்சி வைக்க வேண்டும் என்பது தெரு வழக்கம். எல்லார் வீட்டிலும் பூங்கா, இல்லாவிட்டால் கிரிக்கெட் மைதானம். நான் மாறுதலாகத் துறைமுகம் செய்தேன். முகம் பார்க்கும் கண்ணாடி கடல். தீப்பெட்டிகள் கிடங்குகள். சோப்பு டப்பா கப்பல். பாதி எரிந்த மெழுகுவர்த்தி கலங்கரை விளக்கம். உண்மையான துறைமுகத்தை நான் ஒரே ஒரு தடவை, காலேஜ் சுற்றுலாவில், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அதுவும் அடுத்த சீட்டுக்காரியின் தலை மறைத்தது. அம்மா மாட வீதியில் ஆசைப்பட்டு வாங்கிய யானைக்குப் படியில் இடமில்லாமல் துறைமுகத்தில் கப்பலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பருப்பு, அரிசி பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையும் அங்கேயே வந்து சேர்ந்தார்.

ஆறாம் நாள் பக்கத்து வீட்டு அலமு மாமி ஒரு வெள்ளைக்கார அம்மாளை அழைத்து வந்தாள். பெயர் இங்ரிட். ஊர் டென்மார்க். அடையாற்றில் பெரிய தோட்டம் ஒன்றுக்குள் தங்கியிருந்துகொண்டு, எங்கள் தெருவில் வீணை கற்றுக்கொள்ள வருகிறவர். அறுபது வயதிருக்கும். பாயில் உட்கார்ந்து, பாடச் சொன்னதும் ஒரு கீர்த்தனையின் பல்லவியைப் பாதிவரை பாடினார். எங்கள் எல்லாரையும் போட்டோ பிடித்தார். கடலை குழையாமல் வேகவைப்பது எப்படி என்று அம்மாவிடம் கேட்டார். வெற்றிலை பாக்கும் ரவிக்கைத் துணியும் சுண்டல் பொட்டலமும் வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து என்னைப் பற்றி விசாரிக்க ஒரு கான்ஸ்டபிள் வந்தார். பெயர் சின்னப்பையன். ஐம்பது வயது. வேட்டி சட்டையில் வந்தவர் வாசலிலேயே விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா, உன் பொண்ணு நல்லதா, கெட்டதா?"

"தங்கமான புள்ள. வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றாள் அம்மா.

"வாய்க்கு காலம் இல்ல. உடு." அதாவது படிவத்தில் வாய்க்கு இடம் கிடையாது. உட்கார்ந்தார். அம்மா சுண்டல் கொடுத்தாள். பாதி தின்றுகொண்டே கடைசிக் கேள்வியைக் கேட்டார். "வூட்டுக்கு வெளியூர்க்காரங்க யார்னா வந்துகினு போய்க்கினு கீறாங்களா?"

அம்மா இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். "வெளியூர் என்னய்யா, வெளிநாட்டுல இருந்தே வந்தாக. வெள்ளக்கார அம்மா. நீங்க உக்காந்திருக்க அதே எடத்துலதான் உக்காந்தாக. எங்க துறைமுகத்தப் போட்டோல்லாம் புடிச்சாகளே."

சின்னப்பையன் மெல்வதை நிறுத்தினார். அப்போதுதான் காலடியில் பார்த்தார். கண்ணாடிக் கடல், தீப்பெட்டிக் கிடங்கு, யானை.

"நான் ஒண்ணும் நெனைக்கலைம்மா" என்று எழுந்தார். "ஆனா எழுதித்தான் ஆவணும். எழுதலைன்னா, ஏன் எழுதலைன்னு வேற எழுதச் சொல்வான்." சுண்டலை மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டுத்தான் போனார்.

விஜயதசமி சாயங்காலம். வழக்கப்படி ஒரு மரப்பாச்சியைப் படுக்க வைத்துக் கொலுவை முடிக்க அம்மா கையை நீட்டியபோது, வாசலில் ஜீப் வந்து நின்றது.

அந்நியச் சதித் தடுப்புத் தனிப்பிரிவு என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். எல்லையில் சண்டை வரும்போல் இருந்ததால் ஆறேழு மாதம் முன்பு அதை ஆரம்பித்திருந்தார்கள். அதன் தலைவர் தாமோதரம். நல்ல உயரம், நல்ல மீசை, பேசும்போது எதிரே நூறு பேர் இருப்பதுபோல் பார்வை. கூடவே சுருக்கெழுத்தாளர் ஒருவர்.

"பயப்படாதீங்க. குற்றவாளிங்கதான் பயப்படணும். நீங்க குற்றவாளியா இல்லையாங்கிறது இன்னும் முடிவாகலை. அதனால பாதி பயப்பட்டாப் போதும்" என்றார் தாமோதரம்.

அப்பா பாதி பயப்பட முயன்றார். அவருக்கு முழுசாகத்தான் வந்தது.

தாமோதரம் குனிந்து துறைமுகத்தைப் பார்த்தார். "இந்த யானை எதைக் குறிக்குது?"

"யானையத்தான்" என்றாள் அம்மா.

"துறைமுகத்துல ஏன் நிக்குது?"

"மேல எடம் இல்லய்யா."

"இடமின்மையைக் காரணமாகக் கூறினார்" என்று சுருக்கெழுத்தாளரைப் பார்த்துச் சொன்னார். "இந்தச் செட்டியார் இங்க என்ன பண்றார்?"

"பருப்பு விக்காரு."

"எந்த நாட்டுக் கப்பலுக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

"சார், அது பொம்மை. துறைமுகத்தைச் செஞ்சது நான்தான். பி.எஸ்ஸி. பௌதிகம் படிச்சிருக்கேன்."

தாமோதரத்தின் முகத்தில் விளக்கு எரிந்தது. "படிச்ச பொண்ணு. இந்தக் குடும்பத்துல முதல் படிப்பு. ரெண்டு வருஷமா வேலை இல்லை. எதிரி தேடறது இந்த மாதிரி ஆளைத்தான்."

"எதிரி தேடியிருந்தா நான் ஏன் சார் ரெண்டு வருஷம் சும்மா இருக்கேன்?"

அதை எழுத வேண்டாம் என்று சுருக்கெழுத்தாளரிடம் சைகை காட்டினார். கொலுவை யாரும் தொடக் கூடாது, ஒரு பொம்மையும் படுக்கக் கூடாது, நின்றது நின்றபடி நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். காவலுக்குச் சின்னப்பையனை உட்கார்த்தி வைத்தார். என் விசாரணை என்ன ஆகும் என்று கேட்டேன். கொலு விசாரணை முடிந்ததும் என் விசாரணை, என்றார்.

அவருடைய அலுவலகம் அடையாறு காந்தி நகரில் ஒரு பங்களா. ரகசியமாக இருக்க வேண்டும் என்பதற்காக வாசலில் 'கால்நடைத் தீவன ஆலோசனை நிலையம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பலகையை நம்பி மாட்டுக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் சந்தேகம் வரும் என்று தீவனம் தெரிந்த ஒருவரை நியமித்தார்கள். அந்தப் பங்களாவில் வேலை செய்த ஒரே ஆள் அவர்தான். எருமைகள் காம்பவுண்டுக்குள் வரிசையாக நிற்கும். நான் வாராவாரம் போய் அந்த வரிசையில் நிற்பேன்.

"இன்னாம்மா, உன் மாடு கறக்கலியா?" என்று ஒரு எருமைக்காரம்மா கேட்டாள்.

"என் வேலை கறக்கலை" என்றேன்.

"பருத்திக்கொட்ட போட்டுப் பாரு."

இரண்டாம் வாரமே நல்ல செய்தி கிடைத்ததாக நினைத்தேன். துறைமுக நிபுணர் ஒருவர் கொலுவைப் பார்த்துவிட்டு அறிக்கை கொடுத்திருந்தார். கலங்கரை விளக்கம் தப்பான பக்கத்தில் இருக்கிறது, கிடங்குகள் கடலுக்குள் இருக்கின்றன, கப்பல் கரையைவிடப் பெரிது, யானை கப்பலைவிடப் பெரிது. எதுவும் எதற்கும் பொருந்தவில்லை.

"அப்போ முடிஞ்சுது இல்லையா சார்? என் பேப்பரை அனுப்பிடுங்க."

"இப்போதான் ஆரம்பிக்குது" என்றார் தாமோதரம். எனக்குப் பாடம் நடத்துகிற சந்தோஷம் அவருக்கு. "எதிரி கையில இப்போ தப்பான துறைமுகம் இருக்கு. அதை நம்பி அவன் திட்டம் போட்டுக்கிட்டிருப்பான். இந்த நேரத்துல நீங்க கொலுவைக் கலைச்சா, நாம கண்டுபிடிச்சிட்டோம்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். சரி பண்ணி வெச்சா, உண்மை தெரிஞ்சிடும். அதனால அது அப்படியே, தப்பாவே நிக்கணும். இது ஒரு பெரிய ஆயுதம்."

"எந்த எதிரி சார்?"

"அது ரகசியம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"என் பதவிக்கு மேலான ரகசியம்."

"டென்மார்க் நமக்கு எதிரியா?"

"டென்மார்க்னு அந்தம்மா சொல்றாங்க. நீ போய்ப் பாத்தியா?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலை. அதனாலதான் சந்தேகம்."

இங்ரிட் அம்மாள் எடுத்த போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் என்ன என்றேன். கேட்டால் நாம் கவனிப்பது அவருக்குத் தெரிந்துவிடும் என்றார். அதனால் அந்த அம்மாளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பின்தொடர மட்டும் ஓர் ஆளைப் போட்டார்கள். அந்த ஆள் சந்தேகம் வராமல் இருக்க வீணை வகுப்பிலேயே சேர்ந்து, தீபாவளிக்குள் ஜண்டை வரிசை வரை வந்துவிட்டார். நல்ல கை என்று டீச்சர் சொன்னாராம்.

எங்கள் கூடத்தில் கொலு நின்றது. பூஜை இல்லாத கொலு எதிரிக்குச் சந்தேகம் தரும் என்பதால் தினமும் விளக்கும் சுண்டலும் உண்டு என்று தனி உத்தரவு வந்தது. சுண்டலுக்குக் கடலை யார் வாங்குவது என்று அப்பா பணிவாகக் கேட்டு எழுதினார். கடலை தீவனப் பட்டியலில் வருவதால் தீவனப் பிரிவு கொடுக்கும் என்று பதில் வந்தது. தீவனப் பிரிவு ஒரு மூட்டை கொள்ளு அனுப்பியது. ஐப்பசி முழுக்க அம்பாளுக்குக் கொள்ளுச் சுண்டல். சின்னப்பையன் மட்டும் குறை சொல்லாமல் தின்றார். "ஒடம்புக்கு நல்லதும்மா. குதிர பாரு, எப்டி கீது."

கூடத்தில் பாதியைப் படிகள் அடைத்துக்கொண்டன. அப்பா செட்டியார் பொம்மையின் பக்கம் தலை வைத்துக் குறுக்கிப் படுத்தார். கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனிதர், காலை நீட்டினால் துறைமுகம் உடையும் என்று முழங்காலை மடக்கியே தூங்கினார். நான் படித்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"தீபாவளி வந்து போயிடுத்து, உங்காத்துல இன்னும் நவராத்திரி முடியலையே. நான் எத்தனை நாள்தான் பாடிண்டு இருக்கறது? தொண்டை கட்டிண்டுடுத்து" என்றாள் அலமு மாமி. வெற்றிலை பாக்கு வாங்க வந்தால் பாட வேண்டும். விளக்கு எரிகிற கொலுவைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் போகவும் முடியாது. தெருப் பெண்கள் எங்கள் வாசலைத் தவிர்க்க அடுத்த தெரு வழியாகப் பால் வாங்கப் போனார்கள்.

கொலுவுக்கு வருகிற பெண்களைக் கண்காணிக்கப் பெண் வேண்டும். தனிப்பிரிவில் பெண்ணே கிடையாது. ஆகவே தாமோதரம் தன் மனைவி கமலவேணியை ரகசியமாக அனுப்பினார். அவர் வந்த முதல் நாளே, "நான் போலீஸ்காரர் சம்சாரம். உங்களைக் கண்காணிக்கச் சொன்னார். இந்தப் படிக்கு ஜரிகை வெச்ச துணியா போட்டிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாசமாக இருக்கும் தன் பெண்ணின் மசக்கையைப் பற்றி அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினார். அப்புறம் வாரம் மூன்று நாள் கண்காணித்தார். அம்மாவுக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சினேகிதி அவர்தான்.

டிசம்பரில் சண்டை வந்தது. சென்னையில் விளக்கணைப்பு. ஜன்னல்களில் கறுப்புக் காகிதம். அம்பாள் விளக்குக்கு என்ன செய்வது என்று சின்னப்பையன் மேலே கேட்டார். அணைத்தால் எதிரிக்குச் சந்தேகம் வரும், எரிந்தால் எதிரிக்குத் தெரியும் என்பதால், விளக்கை ஏற்றி அதன் மேல் அண்டாவைக் கவிழ்க்கும்படி பதில் வந்தது. கவிழ்த்தோம். அண்டாவுக்குள் அது உடனே அணைந்தது. வெளியிலிருந்து பார்ப்பதற்கு எரிகிற மாதிரியே இருந்தது.

அந்த வாரம் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பொதுமக்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம். தாமோதரம் பேசினார்.

"எங்க பிரிவு ஆரம்பிச்சு இத்தனை மாசத்துல ஒரு உளவாளிகூடப் பிடிபடலைன்னு சிலபேர் கேலி பேசறாங்க. நான் கேக்கிறேன், பிடிபட்டா அது யாருக்கு அவமானம்? ஒருத்தன் உள்ள வர்றதுக்கு விட்டுட்டோம்னு இல்லையா அர்த்தம்? பிடிபடாததுதான் எங்க வெற்றி. ஆனா மேலிடத்துக்கு வெற்றி மட்டும் போதாது, ஆளும் வேணுமாம். நாளைக்கு இந்தப் பிரிவை மூடிட்டா, உளவாளி இல்லாத இந்த நாட்டைக் காப்பாத்த யார் இருக்கா?"

எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. மேலிடத்துக்கு ஆள் வேண்டும் என்றால் அந்த ஆள் யார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தட்டச்சு செய்த ஒரு வாக்குமூலம். கீழே என் பெயர் தயாராக இருந்தது. மேலே ஒரே வாக்கியம்: மேற்படி இங்ரிட் என்பவர் துறைமுகத்தின் ஆழம் எவ்வளவு என்று என்னிடம் பலமுறை வினவினார்.

"இதுல கையெழுத்துப் போடு. இன்னிக்கே உன் பேப்பர் போயிடும். திங்கக்கிழமை நீ வேலையில இருப்பே. அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. விசாரிச்சு ஊருக்கு அனுப்பிடுவாங்க, அவ்வளவுதான்."

"அவக அப்படிக் கேக்கலையே" என்றாள் அம்மா. "கடல எத்தன நேரம் ஊறணும்னுல்லா கேட்டாக."

"நேரமும் ஒரு தகவல்தான்."

"ஊருக்கு அனுப்பிட்டா வீண யாரு சொல்லிக் குடுப்பா? இப்பதான் ஒரு பாட்டு முழுசாப் பாடுதாக."

"அம்மா, தேசம் பெருசா, வீணை பெருசா?"

அம்மா யோசித்தாள். இரண்டையும் அவள் அளந்து பார்த்ததில்லை.

நான் அப்பாவைப் பார்த்தேன். அன்றைக்குக் கடைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். வருஷக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கையெழுத்துப் போட என் மனம் ஒப்பவில்லை என்று இங்கே எழுதினால் அழகாக இருக்கும். பேனாவின் மூடியைக் கழற்றியாகிவிட்டது. நிப்பு காகிதத்தில் பட்டு ஒரு பொட்டும் விழுந்துவிட்டது.

அப்போது இங்ரிட் அம்மாள் உள்ளே வந்தார். செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையில் ஒரு உறையோடு. அவருக்கு மூன்றடி பின்னால் வீணைக்கார உளவு ஆள், வாசலோடு நின்றுகொண்டார்.

"வணக்கம். பிலிம் ரோல் இப்போதுதான் தீர்ந்தது. படம் கழுவி வந்தது" என்று வீணை டீச்சர் சொல்லிக்கொடுத்த தமிழில் சொல்லி, உறையை அம்மாவிடம் கொடுத்தார். கொலுவைப் பார்த்து, "இன்னும் நவராத்திரியா? மிகவும் நீண்ட பண்டிகை" என்றார்.

தாமோதரம் உறையைப் பிடுங்கினார். படத்தில் அம்மாவும் அலமு மாமியும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் யானையின் பின்பக்கம். துறைமுகம் இருக்க வேண்டிய இடத்தில் மாமியின் மடிசார்க் கொசுவம். அவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றும் இல்லை.

"நல்லா மறைச்சிருக்காங்க" என்றார் மெதுவாக.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய்விடலாமா, கிழித்துப் போடலாமா என்று எதுவும் தெரியவில்லை. வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டது. கமலவேணி அம்மாள் பட்டுச் சேலையும் குங்குமச் சிமிழுமாக வந்து நின்றார். கணவர் இருப்பதைப் பார்த்து, "நீங்களும் இங்கதான் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அம்மாவுக்குக் குங்குமம் நீட்டினார். "வர்ற புதன்கிழமை எங்க பொண்ணுக்கு வளைகாப்பு. பொண்ணைக் கூட்டிக்கிட்டு அவசியம் வரணும்." எனக்கு நீட்டினார். அப்புறம் அடுத்து இருந்த இங்ரிட் அம்மாளுக்கு நீட்டினார். மூன்று பெண்கள் இருக்கிற இடத்தில் இரண்டு பேருக்குக் குங்குமம் கொடுத்துவிட்டு ஒருத்தரை விட்டுவிட்டுப் போவதற்கு மயிலாப்பூரில் எவளுக்கும் தைரியம் வராது. "நீங்களும் வரணும்மா. வந்து எங்க பொண்ணு கையில ரெண்டு வளையல் போட்டுட்டுப் போகணும்."

"கட்டாயம் வருவேன்" என்று இங்ரிட் அம்மாள் குங்குமத்தை நெற்றி நடுவில் வைத்துக்கொண்டார்.

"கமலா" என்றார் தாமோதரம்.

"என்னங்க? பாட்டுக்கும் சொல்லியாச்சு. இவங்களும் ஒரு பாட்டு பாடட்டுமே."

நான் அப்போதுதான் பேனாவைக் காகிதத்தில் வைத்தேன். "சார், கையெழுத்துப் போடறேன். ஆனா வாக்குமூலம்னா நடந்தது எல்லாமே வரணும் இல்லையா? மேற்படி இங்ரிட் என்பவரைத் தனிப்பிரிவுத் தலைவர் வீட்டு வளைகாப்புக்கு, அவர் முன்னிலையிலேயே குங்குமம் வைத்து அழைத்தார்கள்னு கீழே ஒரு வரி சேத்துக்கறேன். புதன்கிழமை என்ன பாட்டுன்னு மட்டும் சொல்லுங்க."

தாமோதரம் என் கையிலிருந்து காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவியைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், வாசலில் நின்ற வீணைக்காரரைப் பார்த்தார். அப்புறம் அவருக்கு நூறு பேர் முன்னால் பேசுகிற குரல் திரும்பி வந்தது.

"இவங்க நம்ம ஆளு. ஆரம்பத்துலேருந்தே நம்ம ஆளு. இதைத்தான் உங்க யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தேன்."

"நான் யாருடைய ஆள்?" என்று இங்ரிட் அம்மாள் கேட்டார்.

ஒரு வாரத்தில் சண்டை முடிந்தது. தனிப்பிரிவின் கடைசி அறிக்கையைச் சின்னப்பையன் எங்களுக்குச் சொன்னார். மயிலாப்பூரில் தவறான துறைமுகம் ஒன்றை நிறுவி, நம்பகமான வெளிநாட்டு நண்பர் ஒருவர் மூலம் எதிரியைத் திசைதிருப்பும் நடவடிக்கை முழு வெற்றி. சென்னைத் துறைமுகத்தின் மேல் ஒரு குண்டுகூட விழாததே சான்று. தாமோதரத்துக்குப் பதக்கம். பிரிவுக்கு இன்னும் மூன்று வருஷம் ஆயுள். தீவன ஆலோசகருக்கு ஓர் உதவியாளர்.

கொலுவை எடுக்க உத்தரவு வந்தபோது நட்ட நடு மத்தியானம். ராத்திரி வரைக்கும் பொறுக்க அம்மா தயாராக இல்லை. மரப்பாச்சியை எடுத்துப் பாயில் படுக்க வைத்தாள். சின்னப்பையன் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார்.

"தூங்கட்டும் தாயி. எத்தினி நாளா நின்னுகினே கீது."

அன்றைக்கு அப்பா கூடத்தில் காலை நீட்டிப் படுத்தார். உடனே குறட்டை விட்டார்.

என் விசாரணைக்குப் பதிலும் போய்விட்டது என்றார்கள். டிசம்பர் கடைசி வாரம் தேனாம்பேட்டை அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் அய்யாதுரை, மேஜைக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாராந்தரி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னேன். "செல்வக்கனியா?" என்று கேட்டுக்கொண்டே போலீஸ் பதிலைத் தேடி எடுத்தார். வழக்கமாக அதில் ஆட்சேபம் இல்லை என்றோ, உண்டு என்றோ இருக்கும். இதில் இரண்டும் இல்லை. இருந்தது இதுதான்: மேற்படி செல்வக்கனி அரசின் முக்கிய நடவடிக்கை ஒன்றில் சம்பந்தப்பட்டவராதலால், அவரைப் பற்றிய விவரங்கள் ரகசியமானவை. வெளியிடுவதற்கில்லை.

நல்லவள் என்று எழுதியிருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். கெட்டவள் என்றால் துரத்துவார்கள். ரகசியம் என்றால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. போச்சு என்று நினைத்தேன். இரண்டு வருஷம், ஒரு கொலு, ஒரு மூட்டை கொள்ளு.

அய்யாதுரை இன்னொரு முறை படித்தார். வாராந்தரியை இழுப்பறைக்குள் தள்ளினார். காலால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே." குரலைத் தாழ்த்தினார். "இளநிலை உதவியாளர்ங்கிற பேர்ல வந்திருக்கீங்க. புரியுது. யாரைப் பாக்க அனுப்பியிருக்காங்க? என்னையா, இல்ல ரெக்கார்டு கீப்பரையா?"

"வேலைக்குச் சேர வந்திருக்கேன் சார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான், அவ்வளவுதான். நான் ஒண்ணும் கேக்கலை." சேர்க்கை உத்தரவில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். எல்லாரையும் பார்க்கும்படி, அறை மூலையில், மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். செய்தி மேஜைக்கு மேஜை போவது கண்ணால் பார்க்கத் தெரிந்தது. ஒருவர் டிபன் பாக்ஸை மூடினார். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினார். டீக்கடைக்குப் போயிருந்த நாலு பேர் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். எனக்கு வேலை எதுவும் கொடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. பௌதிகம் படித்தவள் வேறென்ன செய்வது, பார்த்துக்கொண்டிருந்தேன்.

தடுப்புக்கு வெளியே பெஞ்சில், கறுப்புப் புர்கா போட்ட வயதான அம்மா ஒருவர் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். காத்திருந்தவர்கள் தலை சாய்த்துச் சாய்த்துச் சுவரில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. கூப்பிட்டேன். பெயர் நஸ்ருன்னிசா என்றார். ராயப்பேட்டையில் தையல்காரரின் விதவை. புருஷன் பேரில் இருக்கிற ஓட்டு வீட்டின் பட்டாவைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும்.

"எப்பலேருந்து வர்றீங்க?"

"பெரிய பொண்ணு நிக்காவுக்கு முன்னாடி எழுதிக் குடுத்தேன் மகளே. இப்போ பேரனுக்குப் பால் பல்லு விழுது. வர்றப்போ எல்லாம் சாஹிப் சீட்ல இல்லைன்றாங்க. போய்ட்டு அடுத்த மாசம் வான்றாங்க."

நான் திரும்பி அய்யாதுரையைப் பார்த்தேன். வெறுமே பார்த்தேன்.

"அதைத்தான் இப்போ எடுத்துக்கிட்டிருக்கோம்" என்றார் அவர். ரெக்கார்டு கீப்பர் ஏணி வைத்து ஏறினார். தூசி பறந்தது. கட்டு இறங்கியது. மூன்று மேஜைகளில் மூன்று கையெழுத்து. முத்திரை குத்துகிற சத்தத்தில் தூங்கியெழுந்தவர் இன்னொரு தடவை விழித்தார். நஸ்ருன்னிசாவின் கையில் காகிதத்தைக் கொடுத்தபோது அவருக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. ஈரமாக இருந்த முத்திரையின் மேல் விரல் படாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

"நீங்க பெரிய ஆபீசராம்மா?"

அறையில் எல்லாப் பேனாவும் நின்றது.

"இல்லைம்மா. இளநிலை உதவியாளர்" என்றேன்.

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க" என்று எனக்குப் பின்னால் ஒருத்தர் இன்னொருத்தரிடம் முணுமுணுத்தார்.

நான் மறுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.